சேலம் சூனிய வழக்கு: பழி சொன்ன கூட்டத்தின் பக்கமிருந்து எழுதிய கதை உண்டா?

நண்பர்களே, எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் சேலத்தில் 1692-ல் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றிய படைப்புகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதுகிறேன். அப்போது 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் உயிர் தப்பினார், மறுத்தவர் செத்தார். இந்தக் கொடுமைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தில் எல்லாம் தூக்கில் போடப்பட்ட விவசாயி ஜான் ப்ராக்டரைச் சுற்றியே நடக்கிறது. நிஜத்தில் சூனியப் பழி சுமத்திய பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமியான அபிகெயிலை மில்லர் 17 வயதாக்கி, அறுபதை ஒட்டிய ப்ராக்டரை இளமையாக்கி, இடையே ஒரு கள்ள உறவையும் வைத்துவிட்டார். அதனால் பழி முழுக்க ஒரு பெண்ணின் ஆத்திரத்தில் போய் விழுகிறது. எனக்கு இது உறுத்துகிறது. மரீஸ் கோண்டே தன் 1986 நாவலில் இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பெண் டிட்டுபாவையே கதை சொல்ல வைக்கிறார். சிறையில் அவளுக்குத் துணையாக வருபவள் அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் நாயகி ஹெஸ்டர்! அந்த ஹாதார்னின் முப்பாட்டனார் ஒருவர் இதே வழக்குகளை விசாரித்தவர். ஹாதார்னின் 'யங் குட்மேன் பிரவுன்' கதையில் ஊரையே சந்தேகிக்கும் ஒரு மனம் உள்ளிருந்து தெரிகிறது.

எனக்கு வேண்டியது இதுதான்: தீர்ப்பு சொன்ன ஜூரிகள் 1697-ல் மன்னிப்புக் கேட்டார்கள். சாட்சி சொன்ன ஆன் புட்னம் 1706-ல் கேட்டாள். இவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட நாவலோ சிறுகதையோ படித்திருக்கிறீர்களா? அப்புறம், மேலே சொன்னவற்றில் எதற்காவது தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் பதிப்பகத்தின் பெயரைச் சொல்லுங்கள், வட்டத்தில் பலர் தமிழில்தான் படிப்பார்கள்.