திப்பியிலிருந்து லாக்டிக் அமிலம்: கஷ்டம் பாக்டீரியாவிலா, பிரித்தெடுப்பதிலா?

மரவள்ளி:
எல்லோருக்கும் வணக்கம். சேலம் பக்கம் என் ஊர். பயோடெக்னாலஜி எம்.டெக். இரண்டாம் ஆண்டு. எங்களைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள் நிறைய. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் சக்கையைத் திப்பி என்போம். களத்தில் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். காய்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி இன்னமும் மாவுச்சத்துதான். அதை என்சைம் போட்டுச் சர்க்கரையாக்கி, லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை விட்டு லாக்டிக் அமிலமாக்குவது என் புராஜெக்ட். கையில் ஏழு மாதம்தான் இருக்கிறது. விளைச்சல் கூடிய பாக்டீரியாவைத் தேடுகிறாயா, இல்லை இருக்கிற பாக்டீரியாவை வைத்துக்கொண்டு அமிலத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கும் வழியைப் பார்க்கிறாயா, ஒன்றை முடிவுசெய்து வா என்று கைடு சொல்லிவிட்டார். தொழிலில் இருப்பவர்கள் எதை எடுக்கச் சொல்வீர்கள்?

வடிசாலை:
இரண்டாவதை எடு தம்பி. 22 வருடமாக நொதித்தல் ஆலைகளில், கலனுக்கு அந்தப் பக்கம், அதாவது பிரித்தெடுக்கும் பக்கம் வேலை பார்க்கிறேன். அதனால் சொல்கிறேன்.

லாக்டோபேசில்லஸ் தான் சுரக்கும் அமிலத்தில் தானே திணறிப்போகும். புளிப்பு ஏறிப் பிஹெச் 5-க்குக் கீழே போனால் சோர்ந்துவிடும். எனவே சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டுப் போட்டு 5.5, 6 என்று பிடித்து வைக்கிறோம். அப்போது கலனில் சேர்வது கால்சியம் லாக்டேட் என்ற உப்பு. அதை மறுபடி அமிலமாக்கக் கந்தக அமிலம் ஊற்றவேண்டும், ஜிப்சம் படியும். கணக்குப் போட்டுப் பார். 1 டன் லாக்டிக் அமிலத்துக்குச் சுண்ணாம்புக்கல் 560 கிலோ, கந்தக அமிலம் 540 கிலோ, வெளியே வரும் ஜிப்சம் 960 கிலோ. சரக்கு ஒரு டன் என்றால் கழிவும் கிட்டத்தட்ட ஒரு டன். அழுக்கும் நிறமும் ஏறிய அந்த ஜிப்சத்தை வாங்க ஆள் கிடைப்பது எளிதல்ல.

அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். லிட்டருக்கு 100 கிராம் விளைந்தாலும் ஒரு டன்னுக்கு 10,000 லிட்டர் திரவத்தைக் கையாள வேண்டும். கரியில் ஓட்டி நிறம் எடுக்கணும், உப்பைப் பிடிக்கும் ரெசின் மணிகளில் ஓட்டி உப்பு எடுக்கணும், அப்புறம் தண்ணீரை ஆவியாக்கணும். சிட்ரிக் அமிலம் என்றால் படிகமாக்கித் தப்பிக்கலாம். லாக்டிக் அமிலம் அப்படி லேசில் படிகமாகாது. கெட்டியாக ஆக அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போகும். உயர்ந்த சுத்தம் வேண்டும் என்றால் மெத்தனால் சேர்த்து எளிதில் ஆவியாகும் எஸ்டராக்கி, அந்த எஸ்டரை வாலை வடித்து, மறுபடி தண்ணீர் சேர்த்து அமிலமாக உடைக்க வேண்டும்.

ஒரு ராத்திரி பாய்லர் நின்றுவிட்டது. கலனிலிருந்து ஃபில்டருக்குப் போகும் குழாயில் சூடான கால்சியம் லாக்டேட் நின்றிருந்தது. சூட்டில் நன்றாகக் கரைந்திருக்கும் சரக்கு அது, ஆறினால் ஊசி ஊசியாகப் படிந்து இறுகும். விடியற்காலையில் வால்வைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. ஃப்ளாஞ்சைக் கழற்றிப் பார்த்தோம், குழாய் முழுக்க உறை போட்ட தயிர் மாதிரி வெள்ளையாக நின்றது. ஒரு பகல் முழுக்க வெந்நீர் ஊற்றிக் கரைத்தோம். பாக்டீரியா தன் வேலையை 48 மணி நேரத்தில் ஒழுங்காக முடித்திருந்தது.

நுண்ணோக்கி:
வடிசாலை சார், நீங்கள் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 960 கிலோ ஜிப்சம் எங்கிருந்து வந்தது? பாக்டீரியா புளிப்பைத் தாங்காததால்தானே சுண்ணாம்பு போட்டீர்கள்? சுண்ணாம்பு போட்டதால் கந்தக அமிலம், அதனால் ஜிப்சம். நோய் கலனுக்குள் இருக்கிறது, நீங்கள் வெளியே வைத்தியம் பார்க்கிறீர்கள்.

இட்லி மாவை நினைத்துப் பாருங்கள். ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பிஹெச் 4.5 பக்கம் வந்து நிற்கும், அதற்குமேல் புளிக்க நேரம் எடுக்கும். மாவில் சர்க்கரை தீர்ந்ததால் மட்டும் வரும் வேகக்குறைவு இல்லை அது, புளிப்பே பாக்டீரியாவை அடக்குகிறது. லாக்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது பாதி அமிலமாகவும் பாதி உப்பாகவும் நிற்கும் பிஹெச், 3.86. பிஹெச் 5.5-ல் நூற்றுக்கு 98 பங்கு உப்பாகத்தான் இருக்கும். பிஹெச் 3-ல் நொதிக்க வைத்தால் 88 பங்கு நேரே அமிலமாகவே கிடைக்கும். ஈஸ்ட் அந்தப் புளிப்பில் சாதாரணமாக வாழும். அதன் ஆல்கஹால் பாதையை அடைத்து, லாக்டேட் செய்யும் மரபணுவை வைத்தால் போதும் என்று யோசித்தவர்கள் உண்டு. கார்கில் நிறுவனம் அதைச் செய்து ஆலை அளவில் ஓட்டியும் காட்டியது. சுண்ணாம்பு பெருமளவு குறைந்தது, ஜிப்சமும் குறைந்தது. அதை எந்த ஃபில்டரும் சாதிக்கவில்லை, ஒரு மரபணு மாற்றம் சாதித்தது.

தம்பிக்கு என் யோசனை: முதலாவதை எடுங்கள்.

வடிசாலை:
மேடம், ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறேன். பெனிசிலின். ஃப்ளெமிங் 1928-லேயே பார்த்துவிட்டார். பூஞ்சை இருந்தது, அது சுரப்பதும் தெரிந்தது. பிறகு ஏன் பத்து வருடத்துக்கு மேல் அது மருந்தாகவில்லை? பிரித்தெடுக்க முடியவில்லை. அமிலம் கூடினாலும் கெடும், காரம் கூடினாலும் கெடும், சூட்டிலும் கெடும். ஆக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஹீட்லி என்பவர்தான் வழி கண்டார். திரவத்தைக் குளிர்வித்து அமிலமாக்கி, ஈதர் என்ற கரைப்பானுக்குள் பெனிசிலினை இழுத்தார். அது எல்லோருக்கும் தோன்றியதுதான். ஈதரிலிருந்து மறுபடி லேசான காரத் தண்ணீருக்குள் அதை வரவழைத்தார் பாருங்கள், அதுதான் விஷயம். இன்றைக்கும் பெனிசிலின் ஆலைகளில் கரைப்பான் மாறியிருக்கிறது, தத்துவம் அதேதான். அன்று பூஞ்சையை யாரும் மாற்றவில்லை. வெளியே எடுக்கத் தெரிந்த அன்றுதான் அது மருந்தானது.

நுண்ணோக்கி:
அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் சார்.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு போலீஸ்காரருக்கு அதே ஹீட்லி முறையில் எடுத்த பெனிசிலினைக் கொடுத்தார்கள். ஜுரம் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஐந்து நாளில் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரைப் பிடித்து, அதிலிருந்தே பெனிசிலினை மீட்டு மறுபடி ஊசி போட்டார்கள். அதுவும் போதவில்லை. மார்ச்சில் இறந்துவிட்டார். சுத்திகரிக்கும் முறை கையில் இருந்தது சார். பூஞ்சை கொடுத்த அளவுதான் இல்லை.

அதற்குப் பிறகு ஹீட்லியே அமெரிக்கா போனார். இலினாய் மாநிலத்து பியோரியா ஆய்வகத்தில் சோளம் ஊறவைத்த தண்ணீரை ஊட்டமாகச் சேர்த்தபோது விளைச்சல் பல மடங்கு கூடியது. அப்புறம் அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த, பூஞ்சை பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து வந்தது புது ஸ்ட்ரெயின், அதாவது பூஞ்சையின் புது உள்வகை. அதிலிருந்து கதிர்வீச்சில் மாற்றிய ஸ்ட்ரெயின்கள் வந்தன. போர் முடிவதற்குள் மருந்து ஊரெங்கும் போய்ச் சேர்ந்ததற்கு அவைதான் காரணம்.

இன்னொன்று. லாக்டிக் அமிலத்துக்கு இரண்டு வடிவம், எல், டி. ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். அசெட்டால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும் வைத்து ரசாயன வழியில் செய்தால் இரண்டும் சரிபாதியாக வரும். நல்ல பாக்டீரியா ஒன்றை மட்டும் செய்யும். இன்று லாக்டிக் அமிலத்தில் பெரும்பகுதி நொதித்தலில் வருவதற்கு இது முக்கியக் காரணம். லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்யும் பாலிலாக்டிக் பிளாஸ்டிக்குக்கு எல் சுத்தமாக வேண்டும், டி கலந்தால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கி நிற்காது, பொருள் சீக்கிரம் இளகும்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஒரு பேட்ச். முதல் 30 மணி நேரம், எல், டி இரண்டையும் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியின் தாளில் ஒரே முகடு, ஊசி மாதிரி நேராக. 36-வது மணி மாதிரியில் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு. நான் கருவியின் பிரிப்புக் குழாய் (காலம்) சரியில்லை என்று நினைத்துக் கழுவி மறுபடி ஓட்டினேன். மேடு வளர்ந்துகொண்டே போனது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எங்கள் நீளக் குச்சிகளுக்கு நடுவில் ஜோடி ஜோடியாக உருண்டைகள். வேறொரு பாக்டீரியா புகுந்து டி வடிவத்தைச் சுரந்துகொண்டிருந்தது. கொதிநிலை, கரைதிறன் எல்லாம் ஒன்றே என்கிறபோது எந்த எவாப்பரேட்டர், எந்த ரெசின் அவற்றைப் பிரிக்கும்? சாக்கடையில்தான் ஊற்றினோம். கலனில் கெட்டதைக் கீழே திருத்த முடியாது.

வடிசாலை:
எல், டி விஷயம் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அங்கே எங்கள் கை கட்டித்தான் இருக்கிறது. போலீஸ்காரர் கதையும் எனக்குத் தெரியாததில்லை, ஆனால் நீங்கள் சொன்ன கோணத்தில் பார்த்ததில்லை.

ஆனால் ஈஸ்ட் விஷயத்தில் ஒப்பமாட்டேன். சுண்ணாம்பு போனது சரி. தண்ணீர் போனதா? அமிலம் நேராகக் கிடைத்தாலும் அது இன்னமும் பத்து பங்கு தண்ணீரில்தான் மிதக்கிறது, கூடவே சர்க்கரை, புரதம், செத்த செல். பிரிக்கிற வேலையில் ஒரு படி குறைந்தது, அவ்வளவுதான்.

ஆலைக்கணக்கு:
இருவரும் விலையைப் பேசவில்லை, அதனால் இடையில் வருகிறேன்.

சுண்ணாம்பே வேண்டாத ஈஸ்ட்டை வைத்துச் சக்சினிக் அமிலம் செய்த ஆலை ஒன்று கனடாவில் சார்னியாவில் இருந்தது, பயோஆம்பர் நிறுவனத்துடையது. ஸ்ட்ரெயினும் அருமை, பிரித்தெடுக்கும் முறையும் இருந்தது. 2014-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது, அடுத்த வருடம் ஆலை ஓட ஆரம்பித்தது, 2018-ல் திவால். எதிரில் நிற்பது பெட்ரோலியம் என்பதை மறந்துவிட்டு ஸ்ட்ரெயினா சுத்திகரிப்பா என்று பேசிப் பயனில்லை.

அசெட்டோன், பியூட்டனால் கதையும் அதுதான். முதல் உலகப்போரில் வெடிமருந்துக்கு அசெட்டோன் வேண்டும் என்று வைஸ்மன் என்ற வேதியியலாளர் குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவைக் கொண்டு சோளத்திலிருந்து எடுத்தார். போருக்குப் பின்னும் பெரிய தொழிலாக ஓடியது. பெட்ரோலியத்திலிருந்து மலிவாக வர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக மூடினார்கள்.

நுண்ணோக்கி:
ஆலைக்கணக்கு சார், பியூட்டனால் தோற்றதில் பெட்ரோலியத்துக்கு மட்டும் பங்கில்லை. லிட்டருக்கு 13 கிராம் வந்தாலே அந்தப் பாக்டீரியா தன் பியூட்டனாலில் தானே செத்துப்போகும். பாக்கி எல்லாம் தண்ணீர்.

வடிசாலை:
அந்தப் பியூட்டனாலின் கொதிநிலை 117 டிகிரி, தண்ணீருடையது 100. லேசான பொருளை மேலே எடுத்துக்கொண்டு கனமானதைக் கீழே விடுவதுதான் வடித்தலில் சௌகரியம். இங்கே இரண்டும் சேர்ந்து 93 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே ஆவியாகும், அந்த ஆவியிலேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். 13 கிராமை எடுக்க எவ்வளவு நீராவி செலவு என்று பாருங்கள். இதில் நானும் மேடமும் ஒரே பக்கம். நீர்த்துப்போன பொருளைப் பிரிப்பதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய வேலை.

ஆலைக்கணக்கு:
சரி, நீங்கள் இருவரும் ஒரே பக்கம் வந்ததே எனக்குப் போதும். தம்பி, உன்னிடம் ஒரு கேள்வி. ஆலையிலிருந்து வரும் திப்பி ஈரமாக இருக்கும், இரண்டு நாளில் தானாகப் புளித்துவிடும். காயவைத்துத் தீவனத்துக்கு விற்றால் உடனே காசு. நீ அதைவிட அதிகம் கொடுக்க முடியுமா? எந்தப் பக்கம் எடுத்தாலும் முதலில் தீவன விலையை விசாரி.

மரவள்ளி:
எல்லோருக்கும் நன்றி. தீவன விலையை நாளைக்கே மில்லில் கேட்டுவிடுகிறேன் சார். படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறுத்தியது. என் மீடியத்தில், அதாவது பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசலில், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் (ஈஸ்ட் சாறு) லிட்டருக்கு 10 கிராம் போடுகிறேன். அது இல்லாமல் லாக்டோபேசில்லஸ் வளர மறுக்கிறது. வடிசாலை சார் சொன்ன டிகாக்‌ஷன் நிறம் அதிலிருந்துதான் வருகிறதா?

வடிசாலை:
பெரும்பாலும் அதேதான் தம்பி. அதில் இருக்கும் அமினோ அமிலமும் மிச்சச் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு. திப்பியில் இருக்கும் நாரும் தன் பங்குக்குக் கொஞ்சம் நிறம் விடும். எக்ஸ்ட்ராக்டைப் பாதியாகக் குறைத்து ஓட்டிப் பார். விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் கரிச் செலவு எவ்வளவு குறைகிறது என்று எடை போட்டு எழுது. அந்த ஒரு அட்டவணையே உன் புராஜெக்டுக்குப் பலம்.

நுண்ணோக்கி:
குறைத்து ஓட்டுவதென்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, எல், டி-யைப் பிரித்துக் காட்டும் கைரல் பிரிப்புக் குழாயில் ஓட்டிப் பாருங்கள் தம்பி. பட்டினியில் பாக்டீரியா மெதுவாக வளரும்போதுதான் வெளியாள் புகுவான். என் கருத்து இன்னும் முதலாவது பக்கம்தான். கைடு ஒத்துக்கொண்டால், எக்ஸ்ட்ராக்ட் குறைவாக இருந்தாலும் வளரும் ஸ்ட்ரெயினைத் தேடுங்கள். உங்கள் ஊர்த் திப்பி தானாகப் புளிக்கிறது என்று ஆலைக்கணக்கு சார் சொன்னாரே, அதைப் புளிக்க வைப்பது யார்? அங்கிருந்தே தொடங்கலாம். மில் முற்றத்தில் இரண்டு நாள் கிடந்த திப்பியில் ஒரு கைப்பிடி எடுத்து, சுண்ணாம்புக்கல் தூள் கலந்த அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லியில்) பரப்புங்கள். அமிலம் விடும் காலனியைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் கரைந்து, கலங்கல் இல்லாத வளையம் தெளிவாகத் தெரியும்.

மரவள்ளி:
அது என்னால் இந்த வாரமே செய்ய முடியும் அக்கா. மாமாவின் மில்லில் களம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போகிறேன், நனைந்தது, பாதி காய்ந்தது, முழுக்கக் காய்ந்தது என்று மூன்று டப்பாவில் எடுத்து வருகிறேன்.

வடிசாலை:
நல்லது. காலனி கிடைத்து, கலனில் ஓட்டி, ஃபில்டர் செய்கிற நாள் வரும்போது திரவத்தை 70 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதே. ஃபில்டர் ஃபனலையும் முன்கூட்டியே வெந்நீரில் சூடாக்கி வை.