பென்டிரைவில களவாப் போற பாட்டை காசுக்கு விக்க வழி என்ன?

சுருதிப்பெட்டி:
ஆறு சொந்தப் பாட்டோட ஒரு தொகுப்பு யாழ்ப்பாணத்தில வெளியிடுறம். ஸ்பொட்டிஃபை, யூடியூப்பிலயும் வரும். ஆனா வான்காரர், மினிபஸ்காரர் களவா இறக்கித்தான் போடுவினம். ஏன் அப்பிடி? தொகுப்புக்கு 300 ரூபா விலை கூடவோ?

கொக்குவில் மிக்ஸர்:
விலையில பிழையில்லை. பென்டிரைவில போடக்கூடிய ஃபைலை ஆர் விக்கினம்? ஸ்பொட்டிஃபை 2021இல இலங்கைக்கு வந்திட்டுது. காசு கட்டுற பிரீமியத்தில இறக்கினாலும் பாட்டு அந்த அப்புக்குள்ளதான் பூட்டிக் கிடக்கும். 30 நாளைக்கு ஒருக்காலாவது இணையத்தைத் தொடாட்டி அதுவும் பாடாது. வானில பாட்டுப் போடுற செற்றுக்கு உது என்னத்துக்கு?

எம்பி3 ஆவே வில்லுங்கோ. 320 கேபிபிஎஸ் தரத்தில 5 நிமிசப் பாட்டு 12 எம்பி வரும். ஃபிளாக் எண்ட தரம் குறையாத பெரிய ஃபைலைப் பழைய செற் வாசிக்காது. பென்டிரைவை ஃபாட்32 (FAT32) முறையில ஃபோமற் பண்ணுங்கோ, எக்ஸ்ஃபாட் (exFAT) எண்டால் கன செற்றுக்குப் பென்டிரைவே தெரியாது. ஃபைல் பெயர் 01, 02 எண்டு தொடங்கி ஆங்கில எழுத்தில இருக்கட்டும், தமிழ் கட்டம் கட்டமாத் தெரியும். சில செற் பெயரைப் பாக்காது, கொப்பி பண்ணின ஒழுங்கிலதான் பாடும். அதால ஒவ்வொண்டா வரிசையில ஏத்துங்கோ.

நல்லூர்க் கணக்கு:
அடுத்த தடை காசு கட்டுற இடம். வெளிநாட்டுத் தளம் எண்டால் அதுக்கேத்த கார்ட் வேணும். இஞ்ச லங்காகியூஆர் (போனில ஸ்கான் பண்ணிக் காசு கட்டுற குறி) ஒட்டி, காசு வந்த உடன வாட்ஸ்அப்பில 'டொக்கியுமென்ட்' ஆ அனுப்புங்கோ. ஓடியோவா அனுப்பினால் பெயர் மாறி வாறவரிசை குழம்பிடும்.

லண்டன், டொரொண்டோச் சனத்துக்கு பாண்ட்காம்ப், கலைஞரே நேராப் பாட்டு விக்கிற தளம். டிஜிட்டல் விற்பனையில 15% எடுப்பினம், காசு கைமாத்துற கட்டணம் வேற. விரும்பினவை கூடக் குடுக்கவும் விடலாம். காசு பேபால் எண்ட இணையப் பணக் கணக்குக்குத்தான் வரும், இஞ்ச இருந்து அதில காசு எடுக்கிறது சிக்கல், அதால கணக்கை அங்க இருக்கிற நம்பிக்கையான ஆளைக் கொண்டு திறக்கிறது சுகம்.

பரராசன்:
ஸ்பொட்டிஃபைக் காசை எண்ணி இருக்காதேங்கோ. 2024 தொடக்கம், முந்தின 12 மாதத்தில 1000 தரமாவது ஓடாத பாட்டுக்கு அங்க ஒரு சதமும் இல்லை.

மிக்ஸர் ஒண்டை விட்டிட்டார்: பென்டிரைவில பாட்டு ஏத்திக் குடுக்கிற கடைக்காரர். அவரைத் துரத்துறதிலும் பாக்க, 300இல 100ஐ அவருக்கு எழுத்தில குடுங்கோ. உங்கட ஃபைல்தான் திறம் எண்டு அவருக்குக் காட்டலாம்: களவுத் தளத்தின்ர '320' கனக்க யூடியூப்பில உருவினது. ஸ்பெக் எண்ட, ஒலியைப் படமாக் காட்டுற மென்பொருளில போட்டா 16 கிலோஹேர்ட்ஸோட மேல்பக்கம் வெட்டினமாதிரிக் கறுப்பாக் கிடக்கும். (மினிபஸ்ஸில அதை ஆர் கேக்கப் போகினம் எண்டது வேற கதை.)

கொக்குவில் மிக்ஸர்:
100 கூடிப் போச்சு, 60 காணும். கடைக்காரர் ஒருக்கா வாங்கி நூறு பேருக்கு ஏத்தினால் எப்பிடிக் கணக்குப் பிடிக்கிறது?

பரராசன்:
பிடிக்கேலாது. முன்பணமா ஒரு தொகை வாங்கிப்போட்டு விடுங்கோ. சினிமாப் பாட்டொண்டைப் பாடிச் சேர்க்கிற யோசனை இருந்தா, உரிமைக்காரரிட்ட எழுத்தில அனுமதி எடுங்கோ. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.