விளாச்சேரியில் வீடு வீடாய்ப் போய் வந்த அழகர்

வாழ்ந்த தெருவைவிட்டுப் பிரிந்து வந்த கதை பலரிடமும் இருக்கும். நான் பிரிந்து வந்தது மதுரை திருப்பரங்குன்றம் பக்கத்திலுள்ள விளாச்சேரி. பொம்மை செய்பவர்கள் தெருவில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இரண்டும் அந்தக் களிமண்ணில் விளையாடித்தான் வளர்ந்தன.

அந்தத் தெருவில் காலண்டர் தேவையில்லை. வாசலில் காய்வதை வைத்தே மாதம் சொல்லலாம். ஆடியில் பிள்ளையார், ஆவணியில் கொலு பொம்மை, ஐப்பசியில் அகல் விளக்கு, அதன்பிறகு கிறிஸ்துமஸ் குடில் செட். கண்ணனைத் தவழவிட்ட அதே கை குழந்தை யேசுவையும் வைக்கோலில் படுக்க வைக்கும். தமிழறிஞர் பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்த ஊர் இது. அவருடைய நினைவில்லத்தைப் பார்க்க வந்தவர்கள் பொம்மைப் பொட்டலத்தோடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குக் கோவைக்கு மாற்றல் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போயாக வேண்டும். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அழகரக் கொண்டு போத்தா. செஞ்சு வச்சிருக்கறத எடுக்காத. புதுசா ஒண்ணு எல்லார் கையிலயும் போய் வரட்டும்" என்றார். குதிரைமேல் ஆற்றில் இறங்கும் கள்ளழகர் பொம்மையைத்தான் சொன்னார்.

ஒரு பொம்மையை ஒருவரே செய்வதாகத்தான் வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் அச்சு ஒரு வீடு, சூளை ஒரு வீடு, வர்ணம் ஒரு வீடு, கண் ஒரு வீடு. அந்த வரிசையிலேயே அழகரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். விடைபெறுவதும் அப்படியே நடந்து முடிந்தது.

பெரியம்மா கண்மாய் மண்ணை மிதித்து, கல் பொறுக்கி, முன் அச்சிலும் பின் அச்சிலும் அமுக்கி எடுத்தார். இரண்டு பாதியையும் குழைத்த மண் தடவி ஒட்டினார். உள்ளே கூடு. அடியில் சின்னத் துளை ஒன்று விட வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும். குதிரையின் கால் தாங்காது என்று வயிற்றுக்கடியில் மண்முட்டு ஒன்று வைத்தார். நிழலில் காய்ந்து, பிறகு வெயிலில் காய்ந்து, தெருக்கோடி அண்ணனின் சூளைக்குப் போனது. "நடுவுல வச்சிருக்கேம்மா, சூடு ஒண்ணுபோலப் படும்" என்றார். அதிகம் பேசாத மனிதர்.

வர்ண வீட்டில்தான் பேச்சு கூடியது. ஆற்றில் இறங்கும்போது அழகர் உடுத்திய பட்டின் நிறத்தை வைத்து அந்த வருஷ விளைச்சலை எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தச் சித்திரையில் பச்சை. அந்த வீட்டுச் சின்னவள் பட்டின் கரைக்கு அரக்கு வேண்டும் என்றாள், அக்காள் மஞ்சள்தான் என்றாள், தண்ணீர்க் குடத்தோடு போன மதனி ஒருவர் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மஞ்சளுக்குச் சேர்ந்துகொண்டார். அந்த மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யார் வீட்டுக் கல்யாணம், யாருக்குக் கடன், கோவைத் தண்ணீர் எப்படியிருக்கும், எல்லாம் பேசினோம்.

கடைசியாகக் கண். மூலைவீட்டு மருமகள்தான் எழுதுவாள். தூரிகையைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேட்டாள்: "அக்கா, கொலுவுல மேல்படியா, கீழ்ப்படியா?" மேல்படி என்றேன். உயரத்தில் வைக்கும் பொம்மைக்குக் கருவிழியைக் கொஞ்சம் தாழ்த்தி எழுத வேண்டுமாம். அப்போதுதான் கீழே நிற்கிறவர்களைப் பார்க்கும். இத்தனை வருஷம் அவர்கள் பொம்மைகளுக்கு நடுவே வாழ்ந்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மூச்சை அடக்கி இரண்டு புள்ளி வைத்தாள். அதுவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பொம்மையை, அதன்பிறகு தரையில் வைக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

வர்ணத்துக்கு மட்டும் காசு வாங்கினார்கள், அதுவும் நான் வற்புறுத்திய பிறகு. இவ்வளவு கைகள் சேர்ந்த பொருள் கடைத்தெருவில் என்ன விலைக்குப் போகிறது என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. மண் அள்ள அனுமதிக்கு அலைகிறார்கள், மழை வந்தால் சூளை நின்றுவிடுகிறது, படித்த பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். பெரியம்மா வீட்டு அச்சுகளை அடுத்து யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் இந்த வருஷக் கொலுவுக்கு விளாச்சேரி போங்கள். புரட்டாசி பிறக்கும்வரை காத்திருக்காதீர்கள், நல்ல செட்டெல்லாம் அதற்குள் வெளியூர் ஆர்டருக்குப் போய்விடும். ரோட்டோரக் கடையோடு திரும்பாமல் தெருவுக்குள் நடந்து, செய்கிற வீட்டிலேயே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். எந்தப் படியில் வைக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.