ஒற்றைப்படை எண்ணுக்கு 2 காரணியாக வருகிறது, அவசரம்!

நிலா_கே: 147573952589676412927. இதன் மிகச் சிறிய பகாக் காரணியைக் கண்டுபிடிக்க நிரல் எழுதினேன். 2 என்று சொல்கிறது! 7இல் முடியும் எண்ணை 2 எப்படி வகுக்கும்? சின்ன எண்களுக்குச் சரியாகத்தான் வருகிறது. இன்றைக்கே முடித்தாக வேண்டும், ப்ளீஸ்.

பொடியன்: எந்த மொழி? நிரலைக் காட்டாமல் என்னத்தைச் சொல்ல?

அரைப்புள்ளி: ஓவர்ஃப்ளோ, எண் அதன் இடத்துக்குள் அடங்கவில்லை. அன்சைன்ட் (குறை எண் இல்லாத) 64 பிட் போடுங்கள், சரியாகிவிடும். எப்போதும் இதுதான்.

பொடியன்: அதில் அதிகபட்சமே 18446744073709551615, 20 இலக்கம். இவருடையது 21 இலக்கம் அண்ணே.

அரைப்புள்ளி: அப்போ ரேம் கோளாறு.

பேராசான்: எண்ணைப் பார்த்ததுமே தெரிய வேண்டாமா? 2இன் 67ஆம் அடுக்கில் 1 குறைவு, இப்படி 2இன் அடுக்கில் 1 குறைந்தால் அது மெர்சென் எண். தேடிப் படித்துவிட்டு வந்து கேட்கும் பழக்கமே போய்விட்டது.

நிலா_கே: ஜாவாஸ்கிரிப்ட். 2இல் தொடங்கி வகுத்துப் பார்க்கிறேன், மீதி 0 வந்தால் நிறுத்து, அவ்வளவுதான்.

தேன்மொழி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அதில் சாதாரண எண்ணெல்லாம் டபுள், அதாவது 64 பிட்டில் அடங்கும் தசம எண் வகை. 9007199254740992ஐத் தாண்டினால் எல்லா முழு எண்களுக்கும் அதில் இடமில்லை, பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். உங்கள் எண் 928இல் முடிகிற 2இன் 67ஆம் அடுக்காகவே மாறிவிட்டது. அதை 2 வகுக்கத்தானே செய்யும்? அச்சிட்டால் 147573952589676410000 என்று காட்டும். பெரிய முழு எண்களையும் அப்படியே வைத்துக்கொள்ளும் பிக்இன்ட் வகைக்கு மாறுங்கள்.

நிலா_கே: பிக்இன்ட் அடைப்புக்குள் எண்ணைப் போட்டேன். இன்னும் 2தான்.

தேன்மொழி: மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வெறும் எண்ணாகக் கொடுத்தால் பிக்இன்ட்டிடம் போவதற்கு முன்பே அது கெட்டுவிடுகிறது. அப்புறம், 67 பகா எண் என்பதால் காரணி எதுவானாலும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 135, 269, 403 என்று தாவினால் போதும், ஒவ்வொன்றாகப் போக வேண்டாம்.

பேராசான்: இந்த எண்களுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா அது தப்பு என்று நிரூபித்தார். காரணிகளை அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் 1903இல்தான் காட்டினார்.

அரைப்புள்ளி: காரணியே காட்டாமல் பகு எண் என்றால் அதெல்லாம் நிரூபணமா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொடியன்: மெர்சென் எண் பகா எண்ணா என்று பார்க்க லூக்கா–லேமர் சோதனை இருக்கிறதே. 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2 கழித்து, அந்த எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள். இதையே 65 தடவை. கடைசியில் 0 வராவிட்டால் பகு எண்தான். காரணி எதற்கு?

அரைப்புள்ளி: கண்ணால் பார்க்காததை நம்பச் சொல்கிறீர்கள்.

பேராசான்: நம்பிக்கை இல்லை, தேற்றம்.

நிலா_கே: 193707721 வந்துவிட்டது! மற்றது 761838257287. நன்றி.

அரைப்புள்ளி: இதுதான் நிரூபணம்! இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது.

பேராசான்: எதில் பெருக்கினீர்கள்?