மறு: ‘லிவிங் கைட்லைன்’ – உயிருள்ள வழிகாட்டியா?

அனைவருக்கும் வணக்கம். மருத்துவர்களுக்கான சிகிச்சை வழிகாட்டிகளில் ‘லிவிங் கைட்லைன்’ (living guideline) என்ற வகைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் வந்த ஒரு யோசனை:

> ‘உயிருள்ள வழிகாட்டி’ என்றே வைத்துவிடலாமே? மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

மூலத்துக்கு நெருக்கம்தான், பொருளுக்குத்தான் தூரம். உயிருள்ள வழிகாட்டி என்றதும் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் குடையும் கையுமாக நிற்பவர்தான் நினைவுக்கு வருகிறார்.

வழக்கமான சிகிச்சை வழிகாட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுதாகத் திருப்பி எழுதுவார்கள். இடையில் வரும் ஆய்வுகள் அடுத்த பதிப்பு வரை காத்துக் கிடக்கும். ‘லிவிங் கைட்லைன்’ என்ற இந்தப் புதுவகையில், புதுச் சான்று வந்ததும் திருத்தப்படுவது முழு நூல் அன்று, தனித்தனிப் பரிந்துரை. ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுகிறோம், கூரையைப் பிரிப்பதில்லை அல்லவா? அப்படி. ஆஸ்திரேலியாவின் பக்கவாத வழிகாட்டி 2018 முதல் இந்த முறையில்தான் நடக்கிறது.

சென்ற வாரம் ஒருவர் ‘வளர் வழிகாட்டி’ என்றார். வளர்பிறை போல வினைத்தொகை; காலம் கரந்து நிற்பதால் மூன்று காலமும் அடங்கும். காதுக்கும் இனிமை. ஆனால் இங்கே நடப்பது எப்போதும் வளர்ச்சி அன்று. கோவிட் சமயத்தில் உலக சுகாதார நிறுவனம் செய்ததைப் பாருங்கள். காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக் கூட்டை 2021 செப்டம்பரில் நிபந்தனையோடு பரிந்துரைத்தது. ஒமைக்ரானிடம் அது பலிக்காது என்று தெரிந்தபின், 2022 செப்டம்பரில் அதையே கொடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது. இதை எப்படி ‘வளர்’ என்பது?

‘திருந்து வழிகாட்டி’ என்று நானே ஒன்று எழுதிப் பார்த்தேன். திருந்துமொழி, திருந்திழை என்ற பழைய ஆட்சி உண்டு. வீட்டில் வாசித்துக் காட்டியபோது, “பாவம், அது என்ன தப்பு செய்தது?” என்று கேட்டார்கள். கைவிட்டேன்.

‘வழிகாட்டி’க்குப் பதிலாக ‘நெறிமுறை’ என்ற சொல்லை வைப்பதையும் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. ‘மருத்துவ நெறிமுறை’ என்றால் பாதிப்பேர் மருத்துவ அறம் என்று கொள்வார்கள். ஊரடங்குக் காலச் செய்திகளுக்குப் பிறகு மீதிப்பேருக்கு அது அரசு உத்தரவு.

ஆகவே என் முன்மொழிவு: தொடர்திருத்த வழிகாட்டி. அழகில் சுமார்தான், ஆனால் செய்வதைச் சொல்கிறது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், பணியறைச் சுவரில் சிகிச்சை முறைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மேல்மூலை கிழிந்து தேதி போய்விட்டது. ஒரு மருந்தின் அளவை யாரோ பேனாவால் அடித்து மாற்றியிருந்தார்கள். யார், எப்போது, எதை வைத்து என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதுவும் ஒருவகைத் தொடர்திருத்தம்தான்! இன்று அதே தாள் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அவ்வளவே.

ஆகவே அட்டையில் போடும் ‘வெளியீட்டு நாள்’ போதாது. ஒவ்வொரு பரிந்துரையின் பக்கத்திலும் அதற்கென்று ஒரு நாள் இருக்க வேண்டும். அதற்குத் ‘திருத்த நாள்’ என்று வைக்கலாமா? மாற்றம் ஏதும் செய்யாமல், சான்றுகளை மறுபடி பார்த்து ‘அப்படியே இருக்கட்டும்’ என்று விட்ட நாளுக்கு அது பொருந்தாது. ‘சரிபார்த்த நாள்’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
க.