நியூ ஆர்டர் நடன இசைக்குப் போனது ஜாய் டிவிஷனைக் கைவிட்டதா?

பேஸ்பித்தன்: அமெரிக்கப் பயணத்துக்கு முந்தின நாள், 1980 மே 18, ஜாய் டிவிஷன்ங்கிற இங்கிலாந்துக் குழுவோட பாடகர் இயன் கர்ட்டிஸ் உயிரை விட்டார். மிச்சம் இருந்த மூணு பேர் குழுவோட பேரை நியூ ஆர்டர்னு மாத்தி, கில்லியன் கில்பர்ட்டையும் சேர்த்துக்கிட்டாங்க. 1983ல ‘ப்ளூ மண்டே’ பாட்டு. டிரம் மெஷின், சுரங்களைத் தானா வாசிக்க வைக்கிற சீக்வென்சர், ஏழரை நிமிஷம். ஜாய் டிவிஷனோட ‘குளோசர்’ ஆல்பம் கேட்ட காதுக்கு அது ஒட்டவே மாட்டேங்குது. பங்க் ராக்குக்கு அப்புறம் வந்த போஸ்ட்-பங்க் இசையோட உயிரை விட்டுட்டுப் போயிட்டாங்க.

இரவுத்தாளம்: எதையும் விடலைங்க. ‘குளோசர்’லயே ‘ஐசொலேஷன்’ இருக்கே, அதுல சிந்தசைசர்தானே முன்னால நிக்குது? மேடை ஏறுறதுக்கு முன்னால ஜெர்மன் மின்னிசைக் குழு கிராஃப்ட்வெர்க்கைப் போட்டுக் கேட்ட குழு அது. கர்ட்டிஸ் இருக்கும்போதே மெஷின் உள்ள வந்தாச்சு.

பேஸ்பித்தன்: மெஷின் வந்தது வேற, ஆடவைக்க வந்தது வேற. 1981ல வந்த ‘மூவ்மென்ட்’ ஆல்பம்தான் எனக்கு உண்மையான நியூ ஆர்டர். தயாரிப்பு, ஜாய் டிவிஷனுக்குச் செஞ்ச அதே மார்ட்டின் ஹானெட். துக்கம் அப்படியே தெரியுது.

இரவுத்தாளம்: எனக்கு அதுல மூச்சுத் திணறல்தான் கேக்குது. கிதார் வாசிச்ச பெர்னார்ட் சம்னரும் பேஸ் கிதார் வாசிச்ச ஹூக்கும் போனவரோட குரலைத் தேடித் தேடிப் பாடுறாங்க. அதே வருஷம் ‘எவ்ரிதிங்ஸ் கான் கிரீன்’ல சீக்வென்சர் ஓட ஆரம்பிச்சதும் அந்தப் பாரம் இறங்குது. ‘ப்ளூ மண்டே’யையும் திரும்பக் கேளுங்க. கில்பர்ட் ஒரு நோட்டை விட்டுட்டதால மெலடி தாளத்தை விட்டுத் தள்ளி ஓடும், அதைத் திருத்தாம விட்டுட்டாங்க. அதுக்கு மேல பீட்டர் ஹூக்கோட பேஸ், மேல்சுரத்துல. அது யாரோட பேஸ்? ஜாய் டிவிஷனோடது!

பேஸ்பித்தன்: பேஸ் விஷயத்தை ஒத்துக்கறேன். அதனாலதான் வலிக்குது. நடன கிளப்புகளுக்குப் பேர்போன இபிசா தீவுக்குப் போய் ‘டெக்னிக்’ ஆல்பம் பண்ணும்போது அந்த பேஸ் மெஷினோட இடத்துக்குச் சண்டை போடுற மாதிரி இருக்கு.

பழைய நாடா: ரெண்டு பேரும் ‘செரிமனி’யை விட்டுட்டீங்களே. கர்ட்டிஸ் எழுதின பாட்டு, நியூ ஆர்டரோட முதல் சிங்கிள். வரிகள் கையில இல்லாம, பழைய பதிவுல காதை வெச்சுக் கேட்டுக் கேட்டு எடுத்தாங்க. அப்படிச் செஞ்சவங்க அவரைக் கைவிட்டாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

பேஸ்பித்தன்: அவரைக் கைவிட்டாங்கன்னு நானும் சொல்லலை, நண்பரே. ‘செரிமனி’ கிதார் பாட்டு. அந்த வழியில இன்னும் ரெண்டு ஆல்பம் வந்திருக்கலாம்னுதான் சொல்றேன்.