இராவணன் மீசை: முள்ளுப்பந்தை மட்டும் நம்பாதேங்கோ

யாழ்ப்பாணக் கரையோரத்து மூன்று இடத்தவர் சொல்லுறது இது.

மணற்காட்டுப் பக்கம்:
இராவணன் மீசை கடற்கரை மணல்மேட்டில் படருகிற புல். அது எண்டால் கன பேர் தேடுறது முள்ளுப்பந்தை, அதாவது அதின்ரை விதைக்கொத்தைத்தான். பந்து பெண் செடியில் மட்டும் வரும், 20–30 செ.மீ. அகலம். ஆண் செடி வேறு. அதில் பந்து இல்லை, கதிர்கள் கொத்துக் கொத்தாய் விரிஞ்சு நிற்கும். அதைப் பார்த்து வேறு புல் எண்டு எழுதிப்போடுறவை. மேடு முழுக்க ஓர் ஆண் கொடியே படர்ந்திருந்தால் பந்து ஒன்றும் காணக் கிடைக்காது. இலையைப் பாருங்கோ: உட்பக்கம் சுருண்டு, விறைப்பாய், வெளிறின சாம்பல் பச்சை, வில்லுப்போல வளைவு, நுனி ஊசி. கையால் உருவிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

காரைநகர்:
அண்ணை, பந்து கிடக்கிற இடம் செடியின்ரை இடமும் இல்லை. காய்ந்ததும் முறிஞ்சு காற்றோடு உருளும், சோளகத்துக்கு ஒரு பக்கம், வாடைக்கு மறுபக்கம். வேலியடியில் குவிஞ்சு கிடக்கும். பந்தை மட்டும் கண்டால் "உதிர்ந்த பந்து" எண்டே குறியுங்கோ. விதைக்குப் பொறுக்கினால் ஒவ்வொரு முள்ளின் அடியையும் நகத்தால் அமத்திப் பாருங்கோ. கிட்ட ஆண் செடி இல்லாத மேடு எண்டால் சப்பிதான், உள்ளுக்கு விதை இராது.

பரவைக்கடல் (களப்பு) ஓரத்து உப்புச் சேற்றில் காலைக் குத்துற குட்டைப் புல்லையும் இதெண்டு நினைக்கிறவை உண்டு. அது அநேகமாய் ஸ்போரோபோலஸ் விர்ஜினிகஸ்: இலை சின்னன், தண்டின் இரு பக்கமும் வரிசையாய் நிற்கும், கதிர் ஒடுங்கினது, முள் இல்லை.

வடமராட்சி கிழக்கு:
தேட வேண்டிய இடம் அலையேறும் கோட்டுக்கு மேலே, அடம்பன் கொடியோடு கலந்தும் அதற்குப் பின்னாலும், மணல் இன்னும் நகருகிற முன்மேடு. மணல் மூட மூடக் கணுவில் வேர்விட்டு மேலே வருகிற புல் இது. சவுக்குத் தோப்புக்குள் நிழலும் சருகும். அங்கே தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள்.

நடுவதானால் ஐப்பசி, கார்த்திகை மழையோடு. 3–4 கணு உள்ள இளங்கொடியைக் கத்தரித்து எடுங்கள். இழுத்தால் கணுவேர் அறும். இரண்டு கணுவாவது ஈரமணலுக்குள் போக வேண்டும், ஒரு சாண் ஆழம். மேலாக நட்ட துண்டின் அடிமணலை வாடை அரித்து வேரை வெளியில் போட்டுவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பிடிக்காது. நட்ட இடத்தால் உழவு இயந்திரம் போகாமல் தடி நட்டுக் கயிறு கட்டுங்கள். காய்ந்த கொடி சில்லுக்குக் கீழே சுள்ளியாய் முறியும்.